பச்சைத் தண்ணீரில் ஒரு கூண்டு

ஓமானின் முஸந்தம் கரையில் தண்ணீர் பச்சையானால் மீனவர் முகம் மலரும். கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிதான் அந்தப் பச்சை. அதைத் தின்ன மத்தி வரும், மத்தியைத் தின்ன வஞ்சிரம் வரும், வஞ்சிரத்தைத் தின்ன நாம்தான் இருக்கிறோமே. அந்த நம்பிக்கையில்தான் முஸபஹ் தன் மிதக்கும் மீன்கூண்டை, மலைகளுக்கு நடுவே முடங்கிக் கிடக்கும் கடற்கழிக்குள் இழுத்துவந்து கட்டினார். உள்ளே அவரும் மனைவி ஷம்ஸாவும் குஞ்சிலிருந்து வளர்த்த பாரை மீன்கள். வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது.

சில நாளில் தண்ணீர் கூழாகத் தடித்தது. ஷம்ஸா ஒரு கை அள்ளி முகர்ந்தாள். மகன் ஹம்தானின் பெயரைச் சேர்த்துத்தான் கணவரை அழைப்பாள்.

“அபூ ஹம்தான், வாடை சரியில்ல. கூண்ட வெளிய இழுத்துடுங்க.”

“பந்தியில உக்காந்தவன எழுப்பச் சொல்றியா?”

“இங்க தண்ணி ஓடவே இல்ல. இத்தன பாசியும் ராத்திரில மூச்சு விடணும், செத்ததெல்லாம் அழுகணும். மீனுக்குக் காத்து எங்க மிஞ்சும்?”

“மலையில ஆடு மேய்ச்ச வீட்டுப் பொண்ணு, எனக்குக் கடல் சொல்லித்தர்றியா?”

“ஆட்டக் குகையில நெருக்கி அடைச்சா காலைல என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால், இந்தக் கதையைச் சொல்லும் எனக்கே இன்றும் எரிச்சல் வருகிறது.

விடியலில் இருவரும் படகில் போனார்கள். கரையோரம் நண்டுகள் தண்ணீரைவிட்டுப் பாறைமேல் ஏறிக்கிடந்தன. தண்ணீரில் காற்றில்லை என்று புரிந்து முஸபஹ் துடுப்பை விரைந்து போட்டார். கூண்டில் பாதி மீன்கள் செத்து மிதந்தன. மீதி மேலே வந்து வாயைப் பிளந்தன.

“இனி கூண்ட இழுக்க நேரமில்ல. வலைய அறுங்க” என்றாள் ஷம்ஸா.

“அறுத்தா நமக்கு ஒண்ணும் மிஞ்சாது.”

“அறுக்கலேன்னா அதுங்களே மிஞ்சாது.”

கத்தியை எடுத்து அறுத்தார். மீன்கள் நகரவில்லை. பாவம், கூண்டைத்தான் கடலென்று நினைத்திருந்தன. தீனி போடும்போது தட்டுவதைப் போலவே ஷம்ஸா படகின் பலகையைத் தட்டினாள். உடனே கூட்டம் திரும்பியது. அவள் தட்டத் தட்ட, அவர் கழிமுகத்தை நோக்கித் துடுப்பு போட்டார். வழியில் சில மல்லாந்தன. நீலத் தண்ணீர் வந்ததும் பிழைத்தவை சுறுசுறுப்பாயின.

“போதும், நிறுத்து. இனி அதுங்க பாத்துக்கும்.”

படகை வீட்டுப் பக்கம் திருப்பினார். மீன்களும் திரும்பின.

“ஐயோ, அந்தச் செத்த தண்ணிக்கே நம்ம பின்னாடி வருதுங்க” என்றாள் ஷம்ஸா. தீனி வாளி கரையிலேயே இருந்தது; அவற்றுக்குப் போட ஒரு பிடிகூட இல்லை.

முஸபஹ் அழுதுவிட்டார். அழுதபடியே படகை மறுபடியும் வெளிக்கடலுக்குத் திருப்பினார்.