ஒட்டிலியாவின் நிலக்கரிக் குழாய்

1

இந்தக் கதை ஒரு சத்தத்திலிருந்து வந்தது. ரிப்னிக் என்ற சுரங்க ஊருக்கு வெளியே நானும் ஹுபெர்ட்டும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு குடியிருக்கிறோம். போன அக்டோபரில் அந்தச் சுவருக்கு அப்பால் யாரோ கூழாங்கற்களை உறிஞ்சிக் குடிப்பதுபோல ஓர் இரைச்சல். கொஞ்ச நேரத்தில் ஒரு திக்கல். பிறகு ஹுபெர்ட்டின் மனைவி ஒட்டிலியாவின் குரல்: "சனியனே."

சத்தம் என்னவென்று மறுநாளே தெரிந்துவிட்டது. கதைதான் இன்னும் பிடிபடவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஹுபெர்ட் தன் கடைசி வாளி நிலக்கரியை..." வேண்டாம். கடைசி வாளி என்றாலே நீங்கள் கைக்குட்டையைத் தேடுவீர்கள். ஹுபெர்ட்டுக்கு அது பிடிக்காது.

2

ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் நிலவறையில் இருக்கிறது. அதற்கான கரி, மொச்சைக்கொட்டை அளவில், முற்றத்துக் கொட்டகையில் குவிந்திருக்கும். வேலைக்காலம் முழுக்க நிலத்தடியில் கரி வெட்டிய ஹுபெர்ட், ஓய்வுபெற்ற பிறகு தினமும் காலையில் அதை வாளியில் சுமந்து படி இறங்குவார். அந்த அக்டோபருக்கு முந்தின குளிர்காலத்தில் பாதிப் படியில் மூச்சு முட்டிப்போய் உட்கார்ந்துவிட்டார். வாளி மட்டும் உருண்டு கீழே போனது. இனி எதையும் தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். சரி என்று தலையாட்டிவிட்டு, அரை வாளியாகச் சுமக்க ஆரம்பித்தார்.

ஒட்டிலியா சண்டை போடவில்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இயந்திரங்களைப் பழுதுபார்த்தே தலை நரைத்தவர். ஒரு பழைய தூசி உறிஞ்சியின் மோட்டார், ஓர் இரும்புப் பீப்பாய், தடித்த ரப்பர் குழாய், இவற்றோடு நிலவறைக்குள் போனார்.

[மோட்டார் பீப்பாய்க்குள் இருக்கும் காற்றை இழுக்கும். அந்த இழுப்பில் கொட்டகைக் கரி குழாய் வழியாகப் பீப்பாய்க்கு வரும். நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தினால், அதுவரை இழுப்பினால் ஒட்டிக்கொண்டிருந்த அடிமூடி தானாகத் திறந்து, கரி கொதிகலனின் தொட்டியில் கொட்டும். இதை எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது போனது. ஒட்டிலியா கையை ஆட்டி ஒரே மூச்சில் சொன்னார்.]

"எதுக்கு இந்தக் கூத்தெல்லாம்?" என்றார் ஹுபெர்ட்.

"நீ தூக்குறத இது தூக்கும்."

"அப்ப நான் என்ன பண்றது?"

"சுவிட்சைப் போடு."

ஹுபெர்ட் சிரித்தார். எதற்குச் சிரித்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

3

முதல் நாள் கரி கலகலவென்று ஏறியது. ஒட்டிலியா கரி படிந்த முகத்தோடு பீப்பாயைத் தட்டித் தட்டிச் சத்தத்தைக் கேட்டார். மனைவியை அப்படிப் பார்த்து வெகுநாளாகிவிட்டது, ஹுபெர்ட்டுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே அவருக்கு

(இங்கே "அவமானம்" என்று எழுதி அடித்தேன். "பொறாமை" என்று எழுதி அதையும் அடித்தேன். அவரிடமே கேட்டேன். "தெரியலப்பா, வாளிய எங்க வைக்கிறதுன்னு தேடிட்டு நின்னேன்" என்றார்.)

மறுநாள் விடிந்ததும் ஹுபெர்ட் கொட்டகைக்குப் போய், கரிக்குவியலின் மேல் ஒரு குடுவைத் தண்ணீரை ஊற்றினார். ஈரத்தூள் குழாய் வளைவில் அப்பி அடைத்துக்கொண்டது. அன்று அவரே அரை வாளி அரை வாளியாகச் சுமந்தார். மத்தியானம் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை இன்னும் ரெண்டு வை என்று கேட்டு வாங்கித் தின்றார்.

ஒரே ஒரு தடவைதான் ஊற்றினாராம். நான் நம்புகிறேன். சிக்கல் அதற்குப் பிறகுதான்: அடுத்த நாளும் அடைத்தது. அதற்கடுத்த நாளும். கரி காய்ந்துதான் இருந்தது.

4

ஒட்டிலியா குழாயைக் கழற்றிக் கழுவிக் காயவைத்தார். வளைவை நிமிர்த்தினார். பீப்பாய் விளிம்புக்குப் புது ரப்பர் ஒட்டினார். ஒரு நாள் சாயங்காலம் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, "எனக்குக் கை மறந்துபோச்சு ஹுபெர்ட். வயசாயிடுச்சு" என்றார்.

ஹுபெர்ட் தடுமாறிப்போனார். நாம் ஊற்றிய தண்ணீர் இன்னும் எங்கோ உள்ளே இருக்கிறதா? உண்மையைச் சொன்னால், எல்லாம் அந்தத் தண்ணீரால்தான் என்று நினைத்து, நிஜக் கோளாறைத் தேடுவதையே விட்டுவிடுவாள். சொல்லாவிட்டால், தன்னையே நொந்துகொள்வாள். எது பொய், எது உதவி?

(இந்த இடத்தில் எனக்கே அவர்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு நியாயம் பேசுகிறவர் பயந்தாங்கொள்ளியாகவும் இருக்கலாம். அப்படி ஒரு பத்தி எழுதினேன். அதில் இருந்தது ஹுபெர்ட் இல்லை, வேறு ஆள். எடுத்துவிட்டேன்.)

5

மறுநாள் ஒட்டிலியா மோட்டாரைப் போட்டபோது ஹுபெர்ட் கொட்டகையில் நின்றார். முதல் நாள் மேலாக வைத்திருந்த குழாயின் வாய் இப்போது கரிக்குள் ஆழப் புதைந்திருந்தது. கொஞ்சம் வெளியே இழுத்தார், கரி ஓடியது. உள்ளே அழுத்தினார், திக்கி நின்றது. மறுபடி இழுத்தார், ஓடியது. நிலவறை ஜன்னலுக்குக் குனிந்து கத்தினார்.

"ஒட்டிலியா, இதுக்கு மூச்சுவிட வழியில்ல! கரிய மட்டும் உறிஞ்சச் சொன்னா எப்படி? கூடவே காத்தும் போகணும்ல!"

ஒட்டிலியா மேலே வந்து பார்த்தார். ஓர் அகலமான குழாய்த் துண்டைக் கொண்டுவந்து, உறிஞ்சும் குழாயின் வாயைச் சுற்றி இடைவெளி விட்டு மாட்டினார். இப்போது வாய் புதைந்தாலும் அந்த இடைவெளி வழியாகக் காற்று இறங்கியது. கரி நிற்காமல் ஓடியது. இருவரும் நிலவறைக்கு இறங்கினார்கள். பீப்பாய் நிறைந்ததும் ஒட்டிலியா மோட்டாரை நிறுத்தினார். அடிமூடி திறந்து எல்லாம் தொட்டியில் கொட்டி ஓய்ந்தது.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"சும்மா கொட்டகையில நின்னேன்."

"ஓ." ஒட்டிலியா துணியில் விரல்களைத் துடைத்தார். "அந்தக் கூரை ஒழுகுதா என்ன?"

"இல்லையே. ஏன்?"

"ஒண்ணுமில்ல. மொதத் தடவ அடைச்சப்ப கரி நனைஞ்சிருந்துச்சு. மேலாப்புல மட்டும்."

ஹுபெர்ட் வாயைத் திறந்தார்.

6

இதற்குமேல் எனக்குத் தெரியாது. ஒரு முடிவில் அவர் உண்மையைச் சொல்கிறார், ஒட்டிலியா சிரிக்கிறார். எழுதிப் பார்த்தேன், அந்தச் சிரிப்பு என்னுடையதுபோல இருந்தது. இன்னொன்றில், "ஆமா, லேசா ஒழுகுது" என்று சொல்லிவிட்டு, ஓட்டையே இல்லாத கூரையை அடைக்க ஏணி எடுத்துக்கொண்டு போகிறார். மூன்றாவதில் ஒட்டிலியாவுக்கு முதல் அடைப்பிலேயே எல்லாம் தெரியும், தெரிந்தேதான்... இல்லை, இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

என்ன சொன்னீர்கள் என்று ஹுபெர்ட்டைக் கேட்டேன். "அவகிட்டக் கேளு" என்றார். ஒட்டிலியாவைக் கேட்டேன். "அவர்கிட்டயே கேளுங்க" என்றார்.

ஆகவே ஹுபெர்ட் திறந்த வாயோடு நிலவறையில் நிற்கிறார். ஒட்டிலியா விரல்களைத் துடைத்து முடித்துவிட்டு, துணியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். ஹுபெர்ட் சொல்லவேண்டியதை நீங்களே சொல்லிக்கொடுங்கள். கூரைக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். அவருக்கு மூச்சு வாங்கும்.