எழுத்தில் வந்த உத்தரவு

போலீஸ் கேட்டால், ஒருவருடைய போன் எந்த டவர் பக்கம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது ஆறுமுகநயினாரின் வேலை. தூத்துக்குடியில் ஒரு செல்போன் கம்பெனி அலுவலகம். எஸ்.பி.யின் எழுத்து உத்தரவு இல்லாமல் மூச்சு விடக்கூடாது என்பது விதி. ஆனால் ஒரு இன்ஸ்பெக்டரே "அண்ணாச்சி" என்று குழைந்தால் விதி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்ளும். நம் ஊர் தாட்சண்யம் அப்படி.

போன வருடம் இன்ஸ்பெக்டர் செல்வதுரை அப்படித்தான் குழைந்தார். யாரோ திருடன் என்று நினைத்து, நயினாரும் திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டு என்று சொல்லிவிட்டார். அது செல்வதுரையின் மகள் ஸ்டெபியின் நம்பர். காதலனோடு நின்றவளை ஊரே பார்க்க அடித்து இழுத்து வந்தார் அப்பா.

மறுவாரம் ஸ்டெபி நேராக அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். அழவில்லை.

"நீங்கதான் சொன்னியளாமே. உங்க மவளா இருந்தா சொல்லியிருப்பியளா அண்ணாச்சி?"

நயினார் கூனிக்குறுகிப் போனார். "இனிமே எழுத்து இல்லாம யாருக்கும் சொல்ல மாட்டேன் தாயி" என்று வாக்குக் கொடுத்தார்.

இந்த ஐப்பசியில், மழை விட்ட ஒரு மத்தியானம், செல்வதுரை மறுபடி கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, ஸ்டெபி காலைல ஸ்கூட்டில வேம்பாருக்குப் போனா. இன்னும் போய்ச் சேரல. போன் அடிக்கி, எடுக்க மாட்டக்கா. எங்கன இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

பழைய கதைதான் என்று நினைத்தார் நயினார். இரண்டாம் தடவை ஏமாறக்கூடாது என்று ஒரு வீம்பு. அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு வேறு.

"எஸ்.பி. ஆர்டர் வரட்டும் சார்."

"சத்தியமா சொல்லுதேன் அண்ணாச்சி."

"எழுத்துல தாங்க."

எஸ்.பி. திருச்செந்தூரில் சஷ்டி பந்தோபஸ்தில் இருந்தார். உத்தரவு மெயிலில் வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. நயினார் உடனே பார்த்துச் சொன்னார்: வேம்பாருக்கு இந்தப் பக்கம், உப்பளத்து டவர். தேடிப் போனவர்கள், வண்டி சறுக்கி ஓடைப் பள்ளத்தில் கிடந்தவளைத் தூக்கினார்கள். உடம்பில் இன்னும் சூடு இருந்தது, உயிர் இல்லை. மத்தியானமே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர்.

விதிப்படி நடந்தீர்கள் என்று மேலதிகாரி போனில் பாராட்டினார்.

மறுநாள், அடித்தாலும் வாங்கிக்கொள்வோம் என்றுதான் நயினார் துட்டி கேட்க இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போனார். செல்வதுரை அடிக்கவில்லை. கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"நேத்து மாட்டேன்னு சொன்னிய. அது சரிதான் அண்ணாச்சி" என்றார். "அத போன வருசம்லா சொல்லியிருக்கணும்."