உருவாத கைக்குட்டை

தியோஃபிலைப் புதைத்த பிறகும் அவனுடைய பெரிய டிரம் வேலையை நிறுத்தவில்லை. நியூ ஆர்லியன்ஸில், எங்கள் ட்ரெமே பக்கம், அந்த வாரம் இறால் விலை ஏறியதுதான் முதல் பேச்சு; இது இரண்டாவது. சுவரில் தொங்கியபடியே அது முழங்கியது. அவன் மனைவி ஒரேலி வெங்காயம் நறுக்கினால் கத்திக்குப் பதில் சொல்லும். அதுவும் அவன் பாணியில், ஒரு மயிரிழை பிந்தி. நாலாவது அடிக்கு வரமாட்டான் போலிருக்கும், எல்லார் இடுப்பும் காத்திருக்கும், வந்துவிடுவான். அந்தக் காத்திருப்பில்தான் ஊரே ஆடியது.

பிழை ஒரேலியுடையது. அவன் பெரிய டிரம் அடித்த ஊர்வல பாண்டில்தான் சின்ன டிரம் அவளுக்கு. சாவு ஊர்வலத்தில் அதன் அடிப்பக்கத் தோலில் ஓடும் கம்பிகளில் கைக்குட்டை செருகி, சலசலப்பை அடக்கி, கல்லறைவரை மெதுவாக வாசிப்போம். புதைத்ததும் உருவிவிட வேண்டும். கம்பிகள் அதிரும், தெரு ஆடும், செத்தவர் விடுபட்டுப் போவார். ஒரேலி உருவவில்லை. ஆடுவதற்காகக் குடை விரித்தவர்கள் மடக்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

அன்றிலிருந்து தெருவில் யாராலும் வேகமாக நடக்க முடியவில்லை, எல்லார் காலுக்கும் அந்தச் சாவு ஊர்வல நடைதான் வந்தது. மணப்பெண்கள் தேவாலயம் போய்ச் சேர்வதற்குள் பூ வாடியது. டிரம்பெட் வாசிக்கும் கிளோவிஸ்தான் கேட்டான்.

"அவனை விட்டுடும்மா. உசுரோட இருந்தப்பவே சோத்துக்கு லேட்டா வர்றவன். இப்ப ரொம்பத் தளர்ந்துட்டான், கேக்கலையா?"

"விட்டுட்டா எனக்குப் பதில் சொல்ல யாரு இருக்கா அண்ணே?"

அவளுக்கும் கேட்கத்தான் செய்தது. பதில் நாளுக்கு நாள் பிந்தியது. ஒரு திங்கட்கிழமை சிவப்பு பீன்ஸ் பானையைக் கரண்டியால் தட்டிவிட்டுக் காத்திருந்தாள். பீன்ஸ் அடிப்பிடித்துக் கருகிய பிறகுதான் ஒரு அடி வந்தது, மூச்சு வாங்குகிறவனைப் போல. தன் ஆசைக்காக அவனை வதைக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

தன் சின்ன டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்து கைக்குட்டையை உருவினாள். கம்பிகள் சீறின. பெரிய டிரம் ஆணியை விட்டு இறங்கி, படியைத் தாண்டி, முழங்கிக்கொண்டே அவளைக் கடந்து போனது. சத்தம் கேட்டு வெளியே வந்த கூட்டம் வழிவிட்டு, அதன் பின்னால் ஆடிக்கொண்டே போனது. கல்லறைப் பக்கம் திரும்பியதும் சத்தம் தேய்ந்தது. கடைசி அடி காதில் விழும்வரை ஒரேலி வாசித்தாள், பிறகு உள்ளே போய்க் கருகிய பானையைத் தேய்த்தாள்.

அடுத்த ஞாயிறு கிளோவிஸ் தியோஃபில் இடத்துக்குப் புது ஆளை, புதுப் பெரிய டிரம்மோடு கூட்டி வந்தான். நல்ல ஆள், எந்த அடியிலும் தாமதிக்கவில்லை. ஒரேலி அழுதுகொண்டே வாசித்தாள்.