யானைமேல் போன கிதாபு

நான் எழுதாத கிதாபு மஞ்சள் குடையின் கீழ் யானைமேல் போனது. அதன் பின்னால் நான் நடந்தேன். ஆச்சே என்கிற அந்தத் துறைமுக நகரமே தெருவில் நின்று வாழ்த்தியது.

அரபியிலுள்ள தொழுகைச் சட்டங்களை மலாயில் எழுதித் தரச் சொல்லி, ராணி என்னை அரண்மனையில் வைத்து இரண்டு வருடம் சோறு போட்டாள். தின்றேன், தூங்கினேன், வருகிறவன் போகிறவனோடெல்லாம் தர்க்கம் செய்தேன். எழுதத்தான் இல்லை. கெடு கழுத்தை நெரித்தபோது ஷமாவுனிடம் ஓடினேன். மெக்காவில் என்னோடு ஒரே பாயில் படித்தவன், இப்போது கடலோரப் பள்ளியில் பாடம் சொல்கிறான். அவனுடைய பாட ஏட்டில் ஒவ்வொரு அரபி வரிக்குக் கீழேயும் மலாய்ப் பொருள் சாய்வாகத் தொங்கும். இருபது வருட உழைப்பு. பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்தேன்.

சாய்ந்த வரிகளை நிமிர்த்தி எழுதினேன், அவ்வளவுதான் என் புலமை. எழுதி முடித்ததும், பழைய ஏடுகளுக்குச் செய்கிற முறைப்படி அவன் ஏட்டை வெள்ளைத் துணியில் சுற்றி ஆற்றில் விட்டேன். திருட்டை மறைக்கும்போதுகூட மரியாதையில் குறை வைக்கவில்லை பாருங்கள்.

யானை போய் நின்ற அரண்மனைச் சபையில் ஊர் ஊராக வந்திருந்த ஆசிரியர்களோடு ஷமாவுனும் உட்கார்ந்திருந்தான். கிதாபைப் படித்தார்கள். தொழும்போது படகு திரும்பினால் நீ மெக்கா பக்கம் திரும்பிக்கொள், வலைக்கயிறு இடுப்பில் இருக்கட்டும் என்று ஒரு வரி வந்தது. திரைக்குப் பின்னாலிருந்து ராணி கேட்டாள்.

"இது அரபில இருக்காதே. எந்தப் படகுல கத்துக்கிட்டீங்க?"

மெக்கா போன கப்பலிலேயே வாந்தி எடுத்துக் கிடந்தவன் நான். ஷமாவுனின் பெயரைச் சொன்னால் போதும், மரியாதை உரியவனுக்குப் போய்விடும். அவன் என்னையே பார்த்தான். நான் கிதாபைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவனே எழுந்தான்.

"எங்க ஊருக்கு வந்திருந்தாருங்க. என் படகுலதான் கடலுக்குப் போனாரு."

எனக்காக ராணியிடமே பொய் சொல்லிவிட்டான். நான் தலைகுனிந்தேன். சபை அதை அடக்கம் என்று மெச்சி எனக்குப் பட்டு அங்கி போர்த்தியது.

வாசலில் அவன் என் கையைப் பிடித்தான். திட்டுவான் என்று நினைத்தேன்.

"ஏட்டைக் குடு யூனுஸு. பிள்ளைங்க எட்டு மாசமா பாடமில்லாம கிடக்குதுங்க."

ஆற்றில் விட்டதைச் சொன்னேன். அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். அங்கியைக் கழற்றி நீட்டினேன்.

"இதை வெச்சு நான் எதைச் சொல்லிக் குடுக்கிறது?" என்றான்.

அரண்மனைக் கிதாபைப் பார்த்து, வரிக்கு வரி சாய்த்து, அவன் ஏட்டைத் திரும்ப எழுதினேன். இரண்டு மாதம் ஆனது. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, அங்கேயே பாடம் தொடங்கினான். முன்வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் பெருமையாகச் சொன்னாள்.

"நம்ம உஸ்தாதும் இப்ப ஷேக்கோட கிதாபைப் பாத்துத்தான் சொல்லிக் குடுக்கிறாரு."

ஷமாவுனுக்கு அது கேட்டது. "ஆமா. வரியைப் பாருங்க" என்றான்.

ஷேக் நான்தான். கதவோரம் நின்றிருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.