எலும்பு மாத்திரை

தையல் கம்பெனியில் அவளைச் சுள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வயதாகியும் உடம்பு அவ்வளவுதான். பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து எச்.ஐ.வி. ஒட்டிக்கொண்டது. அம்மா போய்ச் சேர்ந்தாள், தினசரி மாத்திரை மட்டும் கூடவே வந்தது. அதைக் காலுறைக்குள் சுருட்டி ஒளித்தே இத்தனை காலம் விழுங்கினாள்.

எலும்பு ஸ்கேனைப் பார்த்த டாக்டர், இந்த வயதுக்கு இருக்கவேண்டிய கெட்டி இல்லை, நோயும் அரிக்கிறது, மருந்தும் கொஞ்சம் அரிக்கிறது, நீயோ வெயிலையே பார்ப்பதில்லை என்றார். வைட்டமின் டி டப்பா இரண்டு கொடுத்தார். சுள்ளிக்கு வருத்தம்கூட வரவில்லை, தலையாட்டிவிட்டு வந்தாள். வருத்தப்படுவதை எப்போதோ விட்டாயிற்று.

ஆனால் டப்பாவில் எலும்புப் படம் போட்டிருந்தது. நாலு பேர் பார்க்க வைக்கக்கூடிய மருந்து அவளுக்கு அதுதான் முதல். ஒன்று காலியானதும் தினசரி மாத்திரைகளை அதில் கொட்டி, விடுதி அறை அலமாரியில் ஜம்மென்று வைத்தாள். மூளை என்றால் மூளை!

அறையில் கூட இருந்த இஸ்திரி அக்காவுக்கு முட்டி வலி. நாள் முழுக்க நின்று தேய்க்கிற கால். எலும்புப் படத்தைக் கண்டால் கை சும்மா இருக்குமா?

மாத்திரை குறைவதைச் சுள்ளி கவனித்த அன்றே அக்காவும் வாய்விட்டுச் சொன்னாள்.

"உன் மாத்திரை நல்லா கேக்குது. இன்னொண்ணு எடுத்துக்கட்டா?"

இல்லையென்றால் கஞ்சம் என்பாள். சரியென்றால் அடுத்த மருந்துச் சீட்டு வரை தனக்கு மாத்திரை காணாது, இவள் உடம்புக்கும் ஆகாது. உண்மையைச் சொன்னால் படுக்க இடம் இருக்குமோ என்னவோ. ஆனாலும் சொல்லிவிட்டாள். சொல்லும்போது வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது.

"அது எலும்புக்கு இல்லக்கா. எச்.ஐ.வி.க்கு. எனக்குப் பொறந்ததுலேர்ந்தே இருக்கு."

அக்கா கையை நைட்டியில் துடைத்தாள். சுள்ளி அதைப் பார்த்தாள். எதுவும் தோன்றவில்லை.

"எனக்கு வந்துடுமா?"

"மாத்திரையால வராது. கூட இருந்தாலும் வராது. ஆனா இனி சாப்பிடாத. நாளைக்கு என் டாக்டர்கிட்ட வந்து சொல்லிடு."

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள், மடக்கினாள், மறுபடி நீட்டினாள்.

"அப்போ என் முட்டி எப்படிடி சரியாச்சு?"

சுள்ளிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், அது அழுகையாகத் திரும்பிக்கொண்டது. அக்கா நகர்ந்து, கட்டிலில் அவளுக்கு இடம் விட்டாள்.