ஞானையா சாரின் கம்பெனி செட்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் திருதிருவென்று முழித்தேன். அந்த வெட்கத்தில் எழுத உட்கார்ந்ததுதான் இது.

2006. கிழக்குத் தாம்பரம் கேம்ப் ரோட்டில் சுஃபியான் பாயின் கடை. கார்களுக்கு ஸ்டீரியோ மாற்றித் தருகிற கடை. நான் அப்போது வாங்கியிருந்த பழைய ஸென் காரில் கேசட் மட்டும்தான் ஓடும். சிடி ஓடுகிற செட்டாக மாற்றிக்கொள்ளப் போயிருந்தேன். பாய் டேஷ்போர்டைப் பிரித்துப் போட்டுவிட்டு என்னைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. கதை எழுதுகிறவன் என்று, அவர் கேட்காமலேயே சொல்லிவைத்தேன். (இப்படிச் சொல்லிக்கொண்ட இடங்களிலெல்லாம் ஏதாவது வேலை வந்து சேரும். பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதிக் கொடுப்பது.)

எதிரே அலமாரியில் கழற்றிய பழைய செட்டுகள் கிடந்தன. கார் வாங்கும்போதே கூட வருவதைக் கம்பெனி செட் என்பார்கள். அவற்றில் ஒன்றின்மேல் மட்டும் பிளாஸ்திரி ஒட்டி, ‘ஞானையா சார். விக்கக் கூடாது’ என்று எழுதியிருந்தது.

“இது என்ன பாய்?”

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, “சனிக்கெயம காலைல சார் வர்றாரு. நீங்க கதை எழுதுறவராச்சே, நான் அவராண்ட இன்னா சொல்றது? சொல்லுங்க” என்றார்.

எனக்குத் தெரியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

செம்பாக்கம் ஏரி நிரம்பியிருந்த ஒரு மார்கழிக் காலையில் ஞானையா —

ஏரிக்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை. அடித்துவிட்டேன்.

ஞானையாவுக்குக் காது —

இதையும் அடித்தேன். அவர் யாரிடமும் சொல்லாததை, தன்னிடமே சொல்லிக்கொள்ளாததை, நான் முதல் வரியிலேயே போட்டு உடைப்பதா? (உடைத்தாயிற்று, தெரியும். அடித்த வரியை நீங்கள் படித்துவிட்டீர்கள். இனி இந்த விஷயத்தில் நீங்களும் கூட்டு.)

மூன்றாவது தேறியது: ஞானையா சாரின் காரில் சோப்ரானோ காணாமல் போய்விட்டது.

* சோப்ரானோ என்றால் சர்ச் பாடகர் குழுவில் பெண்கள் பாடும் உச்சக் குரல். தெரிந்தவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகலாம்.

ஞானையா ரிட்டையரான கணக்கு வாத்தியார். சர்ச்சில் பாடகர் குழுவை நெடுங்காலமாக நடத்துகிறவர். அத்தனை குரல்களில் ஒன்று பிசகினாலும் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். விரல் நேரே பிசகினவரிடம் போய் நிற்கும். அந்தக் காதுக்குப் பயந்தே பாதிப் பேர் ஒழுங்காகப் பாடினார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மனைவி புஷ்பத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போவார். அங்கே மகள் ஹெப்சியின் வீடு, அவள் கைக்குழந்தை. பஸ் மாறி மாறிப் போகப் புஷ்பத்தின் முழங்கால் இடம் கொடுக்காது. வண்டி இருந்தால்தான் பேத்தி. வழியெல்லாம் அவருடைய குழு பாடிய கேசட் ஓடும். அதில்தான் பெண்கள் குரல் மங்கிக்கொண்டே போயிற்று.

வேறு யாராக இருந்தாலும் காது டாக்டரிடம் போயிருப்பார்கள். தன் காதைச் சந்தேகப்பட்டு இவருக்குப் பழக்கமில்லை. ஸ்டீரியோ கடைக்குப் போனார்.

3

பாய் சொன்னதை அப்படியே தருகிறேன். என் நடை இதில் குறுக்கே வராது.

“ஃபர்ஸ்ட்டு வந்தப்ப, ‘ஸ்பீக்கர் போச்சுப்பா, லேடீஸ் வாய்ஸே வரல’ன்னாரு. நான் கேட்டுப் பாத்தேன், நல்லாத்தான் இருந்துது. ஆனா சாரோட காது எப்பேர்ப்பட்ட காதுன்னு இந்த ஏரியா ஃபுல்லா தெரியும் சார். அவருக்கே கேக்கலன்னா நமக்கு இன்னா தெரியும்னு மாத்திக் குடுத்தேன்.”

ஸ்பீக்கருக்கு அப்புறம் கம்பெனி செட்டையே கழற்றிப் புதுசு போட்டார்கள். அதற்கும் சோப்ரானோ திரும்பவில்லை. கதவோரம் ட்வீட்டர் வைத்தார்கள். கீச்சென்ற மெல்லிய ஒலிகளுக்காகவே இருக்கிற சின்ன ஸ்பீக்கர். அதுவும் போதவில்லை என்று வந்தார்.

“அந்த ட்வீட்டர்லதான் சார் எனக்கு வெளங்கிச்சு. டோர் பேட கழட்டி ஒயர மாத்தி வுட்டேன். ரெண்டு ட்வீட்டருக்கும் கனெக்‌ஷன் குடுக்க மறந்துட்டேன். மூடிட்டு பாட்டப் போட்டா எனக்கே டல்லடிக்குது. ஐயய்யோன்னு ஆஃப் பண்ணப் போறேன், சார் கண்ண மூடிக்கினு, கைய இப்டி ஆட்டிக்கினு, ‘ஆ... வந்துட்டாங்கப்பா, வந்துட்டாங்க’ன்றாரு.”

பாய் தன் கையை ஆட்டிக் காட்டினார். பாடகர் குழுவின் முன்னால் நிற்கிறவர் மாதிரியே இருந்தது.

“பக்கத்து சீட்ல அம்மா. என்னையே பாத்துக்கினு இருந்தாங்க. நான் குனிஞ்சு கீய கெடந்த ஸ்க்ரூவ பொறுக்க ஆரம்பிச்சேன்.”

(இந்த இடத்தை இரண்டு விதமாக எழுதினேன். ஒன்றில் சார் பொய் சொல்கிறார். இன்னொன்றில், எத்தனையோ கிறிஸ்துமஸுக்குத் தானே சொல்லிக் கொடுத்த குரல்கள், ஒயர் இல்லாமலே உள்ளேயிருந்து எழுந்து வருகின்றன. இரண்டாவதை வைத்துக்கொண்டேன். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான் காரணம்.)

ஆனால் உள்ளேயிருந்து வந்தது நிலைக்கவில்லை. அடுத்த வாரம் பவர் பத்தவில்லை என்று வந்து நின்றார். பாய் சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபையர் வைத்து சத்தத்தை ஏற்றிக் கொடுத்தார்.

“தெரிஞ்சுமா வெச்சீங்க?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

“ஆசையாக் கேட்டாரு சார். பாட்டுதான, கேட்டுட்டுப் போவட்டும், இன்னா ஆயிடப் போவுதுன்னு வெச்சேன்.”

4

இனி புஷ்பம். இந்தப் பாத்திரத்தில்தான் நான் சறுக்கினேன். முதல் பிரதியில் அவர் மடியில் டிபன் கேரியரோடு, கணவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுதுகிறவனுக்கு வசதியான பெண்மணி. எந்தக் காட்சியில் வைத்தாலும் கதை அவரைத் தாண்டி நகரவில்லை. கடைசியில், ட்வீட்டர் அன்று அவர் பாயைப் பார்த்த பார்வை என்ன பார்வை என்று யோசித்தேன். ஒன்றும் தெரியாதவர் அப்படிப் பார்க்க மாட்டார்.

அவர் ஒரு நாள் ஷேர் ஆட்டோ பிடித்துத் தனியாகக் கடைக்கு வந்தார். இது நடந்தது. பாய் சொன்னார். பேச்சு மட்டும் பாதி பாய் சொன்னது, பாதி நான் நிரப்பியது.

“தம்பி, அவருக்குக் காது கேக்கலன்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்.”

“தெரிஞ்சுமா ஓட்ட வுட்டீங்க?”

“நான்தான் பக்கத்துல இருக்கேனே. பின்னால ஹாரன் அடிச்சா அவர் முழங்கையத் தொடுவேன். ‘ஏங்க, லாரி வருது, பயமா இருக்கு’ம்பேன். சிரிச்சுக்கிட்டே ஒதுங்குவார். ‘புஷ்பத்துக்கு லாரின்னா அலர்ஜி’ன்னு சர்ச்ல எல்லார்கிட்டயும் சொல்லுவார். எனக்கு ஒரு பயமும் கிடையாது. சொல்லட்டும்னு விட்டுட்டேன்.”

பாய் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவர் உட்காரவில்லை.

“இப்ப நீங்க அந்தப் பெட்டிய வச்சதுலேருந்து எனக்கும் ஹாரன் கேக்கல தம்பி.”

போன ஞாயிற்றுக்கிழமை கேளம்பாக்கம் ரோட்டில் ஜல்லி ஏற்றிய டிப்பர் ஒன்று சார் பக்கமாக உரசிப் போய், பக்கக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. ஹாரன் அடிக்காமல் வந்துவிட்டான் என்று சார் திட்டினாராம். அடித்தானா இல்லையா என்று புஷ்பத்தாலும் சொல்ல முடியவில்லை.

“சாராண்ட நேராவே சொல்லிடலாமேம்மா? காதுக்கு மெஷின்லாம் கீது.”

“அவர எனக்குத் தெரியும். சாவிய ஆணில மாட்டிட்டு உக்காந்துருவார். பாடகர் குழுவையும் விட்டுருவார். அப்புறம் எழுந்திருக்க மாட்டார்.” அலமாரியைக் காட்டியிருக்கிறார். “நீங்க பழைய செட்டயே மாட்டிடுங்க. இந்த வண்டிக்கு இதெல்லாம் ஒத்து வரல, என் வேலை சரியில்லன்னு சொல்லிடுங்க.”

“எம் பேரு கெட்டுப் பூடும்மா.”

“எனக்கும்தான் பயந்தாங்கொள்ளின்னு பேரு. நான் நல்லாத்தானே இருக்கேன்?”

5

முடிவுகள். எழுதினவை எல்லாவற்றையும் வைக்கிறேன், ஒளிப்பானேன்.

முதலாவது: வண்டலூர் ரோடு, மழை, எதிரே ஒரு —

கிழித்துவிட்டேன். கதையை முடிக்கத் தெரியாவிட்டால் ஆளைக் கொன்றுவிடுவது சோம்பேறித்தனம். அதோடு, இது அந்த ரோட்டில் நிஜமாகவே நடந்துவிடலாம். நான் வேறு எழுதி அழைக்க வேண்டாம்.

இரண்டாவதில் சார் மெஷின் வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு பாடகர் குழுவின் முன்னால் போய் நிற்கிறார். எல்லோரும் கை தட்டுகிறார்கள். விளம்பரம் மாதிரி இருந்தது. அதில் ஒரு வரி மட்டும் மிச்சம்: மெஷின் போட்டதும் அவருக்கு முதலில் கேட்டது சோப்ரானோ இல்லை, பின்வரிசையில் யாரோ மெதுவாகச் சொன்ன ‘பாவம்’.

மூன்றாவதில் பாய் தலையைக் குனிந்துகொண்டு, “என் வேல சரியில்ல சார், பழசயே போட்டுத் தர்றேன்” என்கிறார்.

“இத்தனை நாள் என் வண்டியப் பிரிச்சு மேஞ்சிட்டு இப்ப சரியில்லங்கறே. உனக்குக் காதே கிடையாதுப்பா. காது இல்லாதவன் எதுக்கு இந்தத் தொழிலுக்கு வந்தே?”

“ஆமா சார். தப்பு என்னுதுதான்.”

இதை எழுதியபோது அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், இங்கேயே முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கம்பெனி செட் தன் இடத்துக்குப் போய்விட்டது, சத்தம் இறங்கிவிட்டது, புஷ்பத்துக்கு மறுபடி ஹாரன் கேட்கிறது, சாரின் காது ஊர் வாயில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அடுத்த நாள் புஷ்பத்துக்குக் காய்ச்சல் என்று வையுங்கள். சார் பேத்தியைப் பார்க்கத் தனியாகக் கிளம்புகிறார். முழங்கையைத் தொட யாருமில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்கிறவனுக்கு இந்த வீட்டு அன்பெல்லாம் என்ன தெரியும்? அதற்கு அவன் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

அதனால் நான்காவது. உண்மை. பாய் அலமாரியிலிருந்து திரும்பி, “சார், செட்டுலாம் நல்லாத்தான் கீது. உங்களுக்குத்தான் —”

இதற்கு மேல் பாய்க்கு வாய் வரவில்லை. எனக்கும் கை வரவில்லை. உண்மை என்று பெரிதாகப் பேசுகிறவன், ஒரு மனிதனின் முகத்துக்கு நேராக அந்த ஒரு சொல்லை எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

6

அந்தச் சனிக்கிழமை போய்விட்டது. நான் கேம்ப் ரோட்டுப் பக்கம் போகவில்லை. என் ஸென்னில் வலது பக்க ஸ்பீக்கர் கரகரக்கிறது. அதைக் காட்டக்கூடப் போகவில்லை. அலமாரியில் அந்தச் செட் இருக்கிறதா, இல்லையா என்று பார்க்கப் பயம்.

புஷ்பம் பயந்தாங்கொள்ளி என்ற பேரை வாங்கிக்கொண்டார். சுஃபியான் பாய் வேலை தெரியாதவர் என்ற பேரை வாங்கிக்கொண்டிருக்கலாம். கதையை முடிக்கத் தெரியாதவன் என்ற பேர் எனக்கு இருந்துவிட்டுப் போகட்டும். இவர்களுக்காக என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் இருக்கிறீர்கள். இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டு, இறங்கிக்கொள்ள முடியாது. இன்று ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்துவிட்டது. வண்டலூரைத் தாண்டியாயிற்று. ஆம்ப்ளிஃபையர் இன்னும் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது, கேசட் முழுச் சத்தத்தில் ஓடுகிறது. ஞானையா சார் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தன் குழுப் பெண்களுக்குத் தாளம் காட்டுகிறார். வலது பக்கம் கண்ணாடி இன்னும் மாட்டவில்லை. புஷ்பம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார், பாட்டைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

பின்சீட்டில் நீங்கள். திரும்பிப் பார்க்கிறீர்கள். பின்கண்ணாடி முழுக்க லாரி.

அவர் தோளைத் தொடுகிறீர்கள்.

“என்ன?” என்கிறார். நீங்கள் சொல்வது கேட்காது என்பதால், உங்கள் உதட்டைப் பார்க்க ரோட்டிலிருந்து முகத்தைத் திருப்புகிறார்.

சொல்லுங்கள்.