நாற்பது கணக்குச் சொற்கள்

வலைகளும் புத்தகங்களும் ஒரே நாளில்தான் அந்த அறையை விட்டு வெளியேறின. பரமலிங்கம் வலைகளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கொட்டிலில் போட்டார். அவர் பெண்சாதி தங்கமுத்து மகளின் புத்தகக் கட்டைச் சாமியறைக்குக் கொண்டுபோனாள். மிச்சம் ஒரு பாய், ஒரு கோப்பை, தண்ணீர் குடிக்க ஒரு பேணி, தலைமாட்டில் வேப்பிலையும் இரும்புச் சத்தகக் கத்தியும். அவற்றோடு பன்னிரண்டு வயது மீனாம்பிகை.

பெரியபிள்ளை ஆகிவிட்டாள். அதற்கு யார் என்ன செய்வது? பள்ளிக்கூடத்தால் வந்ததும் வராததுமாக ஓடிப்போய் இருந்ததை இருந்தபடி தாயிடம் சொன்னாள். எதையும் ஒளித்துப் பழகாத பிள்ளை. தங்கமுத்து இரண்டடி பின்னுக்குப் போய் அறையைக் கைகாட்டினாள். பதினோராம் நாள் தண்ணீர் வார்க்கும்வரை அங்கேதான்.

சோதனை ஒன்பதாம் நாள்.

பட்டணத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரேயொரு இடம், இலவசமாகத் தங்கிப் படிக்கலாம். அந்த இடத்துக்கான சோதனையைப் பதின்மூன்று முடிந்தவர்கள் எழுத முடியாது. மீனாம்பிகைக்கு வருகிற தையில் பதின்மூன்று. இதை விட்டால் எட்டாம் வகுப்போடு மறித்துவிடுவார்கள். பிறகு கருவாடு காயப்போடுகிற வேலை, அதற்குப் பிறகு எவனோ ஒருவனின் அடுக்களை. அதுதான் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கணக்கு வாத்தியார் செல்வரட்ணம் இங்கிலீசில் படித்தவர். அரசாங்கம் அச்சடித்து அனுப்பிய புதுத் தமிழ்ச் சொற்களை, அந்த அறுபதாம் ஆண்டில், அவரும் பிள்ளைகளோடு சேர்ந்துதான் பாடமாக்கினார். சோதனையில் கட்டாயம் கேட்பார்கள் என்று நாற்பது சொல்லை அவர் கரும்பலகையில் எழுதிப் போட்டபோது மீனாம்பிகை முடங்கி மூன்று நாளாகிவிட்டது.

பக்கத்து வளவு இராசமலர்தான் கைகொடுத்தாள். ஒரே வகுப்பு, அதே சோதனைக்கு அவளும் போகிறாள். பின்னேரத்தில் யன்னலுக்கு நாலு முழம் தள்ளி மணலில் இருந்து கொப்பியைப் பார்த்து வாசிப்பாள். கொப்பி உள்ளே வரக்கூடாது. துடக்குக்காரி தொட்டால் சரஸ்வதி போய்விடுவாளாம். காதால் கேட்கலாம் என்று தங்கமுத்து விட்டுக்கொடுத்ததே பெரிய காரியம்.

பரிதி என்று கேட்டதும் மீனாம்பிகை பேணியின் வாயைச் சுற்றி விரலை ஓட்டினாள். நடுவால் குறுக்கே போனால் விட்டம், நடுவோடு நின்றால் ஆரை. சமாந்தரம் என்றால் எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காத கோடுகள் என்று இராசமலர் வாசித்தாள். மீனாம்பிகை யன்னல் கம்பிகளைப் பார்த்தாள். அது உடனே விளங்கிவிட்டது. இராசமலருக்கோ ஒப்புவிக்க வரும், விளக்கம் வராது. பின்னத்தில் தொகுதியையும் பகுதியையும் மாற்றி மாற்றிச் சொல்லுவாள். ஒரு சுறாவை எட்டாக வெட்டி மூன்றை விற்றால் எட்டுத்தான் பகுதி, மூன்று தொகுதி என்று உள்ளே இருந்தவள்தான் வெளியே இருந்தவளுக்குப் படிப்பித்தாள்.

வெயில் ஏறினால் அறை அவிந்துபோகும். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடித்துக் குடித்துக் குமட்டியது. வீட்டு நாய்கூட நினைத்த நேரம் வாசற்படலையைத் தாண்டிப் போய் வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆறாம் நாள், சோதனைக்குப் போக விடச்சொல்லித் தகப்பனிடம் கேட்டாள். பரமலிங்கம் யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார்.

"எனக்கு விருப்பமில்லையெண்டே நினைக்கிறாய்? நீ படலை தாண்டின அண்டைக்கு ஒருதன்ரை வலை வெறுமையாய் வந்தாலும் கரை முழுக்க உன்ரை பேரைத்தான் சொல்லும். நான் அவங்களோடைதானே பிள்ளை கடலுக்குப் போகவேணும்."

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

எட்டாம் நாள் பின்னேரம் நாற்பது சொல்லும் முடிந்தது. மீனாம்பிகைக்கு ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. நாற்பதும் தெரிந்து என்ன பிரயோசனம்? ஆனாலும் நல்ல மனதோடுதான் சொன்னாள்.

"நாளைக்குப் போய் வடிவா எழுது. உனக்கெண்டாலும் சோதனை முடியுமட்டும் இது வரக்கூடாதெண்டு சன்னதி முருகனைக் கும்பிட்டனான்."

இராசமலர் கொப்பியை மூடினாள். திரும்பத் திறந்தாள். அடுக்களைப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, அந்த நாலு முழத்தையும் தாண்டி வந்து கம்பியைப் பிடித்தாள்.

"எனக்கு ஆவணியிலையே வந்திட்டுதடி," என்றாள் மெல்ல. "ரண்டு மாசம். ஒருதருக்கும் சொல்லேல்லை. சொன்னா என்னையும் உள்ளுக்கை போட்டிடுவினம் எல்லே. நீ ஏனடி சொன்னனீ?"

மீனாம்பிகைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டு மாதமாக இவள் கோயிலுக்குப் போயிருக்கிறாள், கரையில் வலைகளைத் தாண்டி நடந்திருக்கிறாள், கொப்பியையும் தொட்டிருக்கிறாள். கடல் வற்றவில்லை. ஒருவரும் செத்துப்போகவுமில்லை. போன கிழமைகூடப் பரமலிங்கத்தின் வலையில் நல்ல பாரைமீன் பட்டது. அம்மா என்று ஒரு சத்தம் வைத்தால் போதும், நாளைக்குச் சோதனை மண்டபத்தில் இரண்டு கதிரை வெறுமையாகக் கிடக்கும். வாய்வரை வந்துவிட்டது.

அடுக்களையில் உலக்கைச் சத்தம் நின்றது. தங்கமுத்து வாசலில் வந்து நின்றாள்.

"என்னடி ரண்டுபேரும் குசுகுசுக்கிறியள்?"

இராசமலரின் கை கம்பியை விட்டது.

"கணக்குத்தான் அம்மா," என்றாள் மீனாம்பிகை. "தொகுதியும் பகுதியும் உவளுக்கு இன்னும் குழப்பம்."

தாய்க்கு அவள் சொன்ன முதற்பொய் அது. எட்டு நாளுக்கு முன்னமே சொல்லியிருக்க வேண்டியது.